தொலையாத சைகை

மீமிசலில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒருவர் கைப்பேசியில் சென்னை ரயிலுக்கு முன்பதிவு செய்கிறார். அதே ரயிலுக்குப் புதுக்கோட்டை நிலையத்தின் சாளரத்தில் இன்னொருவர் படிவம் நீட்டுகிறார். மூன்றாமவர் எழும்பூரில் நிற்கிறார். மூவர் முன்னும் ஒரே செய்தி: படுக்கை ஒன்று காலியாக உள்ளது. மூவரும் ஏறத்தாழ ஒரே கணத்தில் 'வேண்டும்' என்கிறார்கள். ஆனால் படுக்கை ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மற்ற இருவரும் காத்திருப்போர் பட்டியலில் சேர்கிறார்கள். ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படுவதில்லை.

இதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். கணிப்பொறிக்குள் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதில்லை. அவற்றுள் எது முந்தியது, எது காத்திருக்க வேண்டும், காத்திருப்பதை எப்போது யார் எழுப்ப வேண்டும் என்பனவற்றை முறைப்படுத்துவது கணிப்பொறி இயலின் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று. அதன் வேர்கள் கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே ரயில் பாதையில் முளைத்தவை. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள்

இரு நிலையங்களுக்கு இடையே ஒரே ஒரு தண்டவாளப் பாதை. இரு பக்கமிருந்தும் ரயில்கள் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் பாதையில் இருக்கலாம். தந்தி வந்தபின், 'பாதை காலியா?' என்று கேட்டு, 'காலி' என்ற பதில் பெற்று ரயிலை அனுப்பினார்கள். இது போதும் என்றே பலரும் நம்பினர்.

1874 செப்டம்பர் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகரருகே தோர்ப் என்னுமிடத்தில் இந்த நம்பிக்கை தகர்ந்தது. நார்விச்சிலிருந்து ஒரு விரைவு ரயில் தாமதமாகப் புறப்பட வேண்டியிருந்தது. எதிர்ப்புறம் பிரண்டல் நிலையத்தில் ஓர் அஞ்சல் ரயில் காத்திருந்தது. அஞ்சல் ரயிலை முதலில் வரச் சொல்லலாம் என்று நார்விச் அதிகாரி தந்தி எழுத்தரிடம் கூறினார். அதிகாரியின் கையொப்பத்திற்குக் காத்திராமல் செய்தி போய்விட்டது. செய்தி இன்னும் போகவில்லை என்ற நினைப்பில் விரைவு ரயில் புறப்பட இங்கிருந்து அனுமதி கொடுக்கப்பட்டது. உண்மை தெரிந்ததும், அஞ்சல் ரயிலை நிறுத்துமாறு பதறிக்கொண்டு தந்தி அடித்தார்கள். 'அஞ்சல் ரயில் புறப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தது. மழை இருளில் இரு ரயில்களும் நேருக்கு நேர் மோதின. 25 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

அன்று தந்திக் கம்பி பழுதாகவில்லை. கருவிகளும் சரியாகவே இயங்கின. 'நிலைமையை அறிவது', 'அறிந்ததன்மேல் செயல்படுவது' என்ற இரண்டும் தனித்தனிப் படிகளாக இருந்ததே குறை. இரு படிகளுக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தது. நிலைமை அந்த இடைவெளியில் மாறிவிட்டது. இதே குறையைத்தான் ஏறக்குறைய நூறாண்டுகள் கழித்துக் கணிப்பொறியாளர்கள் மீண்டும் சந்தித்தனர்.

பரிகாரமும் ரயில்வேயிலேயே பிறந்தது. எட்வர்ட் டையர் என்ற பொறியாளர் 1878இல் ஒரு மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பாதையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டி. பெட்டிகளுக்குள் உலோக வில்லைகள். இரு பெட்டிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பெட்டிக்குள் போடப்படும் வரை இரண்டு பெட்டிகளிலிருந்தும் வேறு வில்லை எடுக்க முடியாது. வில்லை கையில் இல்லாத ஓட்டுநர் ரயிலை எடுக்கக் கூடாது. 'பாதை காலி' என்று அறிவதும் பாதையைக் கைப்பற்றுவதும் இப்போது ஒரே செயலாகிவிட்டன.

நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் இதே கொள்கையில் அமைந்த நீல் என்பாரின் பந்து டோக்கன் கருவி நெடுங்காலம் பயன்பட்டது. மீட்டர் கேஜ் காலத்தில் பயணம் செய்தவர்கள், நடைமேடையில் நிற்கும் ஊழியர் பெரிய வளையம் ஒன்றை நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து அதனைக் கையில் கோத்து வாங்கும் காட்சியைக் கண்டிருப்பார்கள். அந்த வளையத்தோடு இணைந்த பையில் இருந்ததுதான் இரும்புப் பந்து.

பாதுகாப்பு மட்டும் போதுமா?

பாதுகாப்பு வேண்டுமானால் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. மீமிசலுக்கு மேற்கே அறந்தாங்கி வழியாகச் செல்லும் காரைக்குடி–திருவாரூர் பாதையை எடுத்துக்கொள்வோம். அகலப் பாதையாக்கும் வேலை முடிந்து 2019 ஜூனில் முழுத் தொலைவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியபோது, பல லெவல் கிராசிங்குகளில் கேட் கீப்பர்கள் இல்லை. எனவே கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், ரயில் கடந்து மீண்டும் நிற்கும், கேட் திறக்கப்படும், இறங்கியவர் ஏறிக்கொள்வார். சுமார் 150 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பின்னர் கேட்களில் ஆட்கள் அமர்த்தப்பட்டதும் பயண நேரம் குறைந்தது.

விபத்து இல்லை, ஆனால் வேகமும் இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சைகை போகும் வழி இல்லையென்றால், ஒவ்வொரு முறையும் நின்று, இறங்கி, நேரில் பார்க்க வேண்டியதாகிறது. கணிப்பொறியிலும் இதே நிலைதான். பூட்டுப் போடுவது பாதி வேலை. பூட்டுத் திறந்ததும் காத்திருப்பவருக்கு உடனே சொல்லி அனுப்புவது மறுபாதி.

பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

கணிப்பொறி வருமுன் ரயில் முன்பதிவு பேரேடுகளில் நடந்தது. ஒரு ரயிலுக்கு, ஒரு தேதிக்கு ஒரு பதிவேடு. அந்தப் பதிவேடு எந்த எழுத்தரின் மேசைமீது இருக்கிறதோ அவர் மட்டுமே அந்த ரயிலுக்கு இடம் ஒதுக்க முடியும். இரட்டை விற்பனையைத் தடுக்க வேறு விதி தேவைப்படவில்லை. பேரேடே டோக்கனாக இருந்தது. ஆனால் அந்த ரயிலில் போக விரும்பும் அனைவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

1985இல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. உருவாக்கிய அந்த அமைப்புக்கு 'இம்ப்ரெஸ்' என்று பெயர். எந்தச் சாளரத்திலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்பதே பயணிகள் கண்ட மாற்றம். பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் தோன்றின. ரயில்வே தகவல் அமைப்பு மையமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கன்சர்ட்' என்னும் மென்பொருள் 1999இல் ஐந்து மையங்களையும் ஒரே வலையாகப் பிணைத்தது. 2002இல் இணையவழி முன்பதிவும் வந்தது.

பேரேடு இப்போது மேசைமீது இல்லை. கணிப்பொறியின் நினைவகத்தில் இருக்கிறது. அதனை ஒரே நேரத்தில் பலர் திறக்கலாம். வசதி பெருகியது, அதனுடன் தோர்ப் நிலையத்தின் ஆபத்தும் உள்ளே நுழைந்தது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்காகவும் கணிப்பொறிக்குள் ஓடும் வேலையைப் 'பிராசஸ்' என்பார்கள். நாம் அதனைப் 'பணி' என்று அழைப்போம். முதற்பணி காலியிடங்களைப் படிக்கிறது: 1. அது ஒன்றைக் கழிக்குமுன் இரண்டாம் பணியும் படிக்கிறது: 1. முதற்பணி 0 என்று எழுதிச் சீட்டு வழங்குகிறது. இரண்டாம் பணியும் 0 என்று எழுதிச் சீட்டு வழங்குகிறது. இரண்டு பணிகளின் கணக்கும் சரியே, விளைவு தவறு. இரு பணிகளும் ஒரு நொடி விலகி வந்திருந்தால் தவறே நேராது. எனவே நூறு முறை சோதித்தாலும் இக்குறை கண்ணில் படாமல் போகலாம். கூட்டம் மிகுந்த நாளில்தான் அது தலைகாட்டும்.

டைக்ஸ்ட்ராவின் கைகாட்டி

இச்சிக்கலைத் தெளிவாக வரையறுத்துத் தீர்வு தந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர். 1960களில் ஐந்தோவன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது அவர் 'செமஃபோர்' என்ற கருத்தை உருவாக்கினார். கிரேக்க மொழியில் 'சேமா' என்றால் குறி. 'ஃபோரோஸ்' என்றால் தாங்குவது. ரயில் நிலையங்களின் வெளியே கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நின்ற சிக்னல் கம்பத்திற்கு உலகெங்கும் வழங்கிய பெயர் அது. தமிழில் நாம் அதனைக் கைகாட்டி என்கிறோம். டைக்ஸ்ட்ரா தம் டச்சுக் குறிப்புகளில் சிக்னல் கம்பத்தைக் குறிக்கும் சொல்லையே ஆண்டார். அதன் இரு செயல்களுக்கும் பி, வி என்று பெயரிட்டார். கடந்து செல்லல், விடுவித்தல் என்னும் பொருளுள்ள டச்சுச் சொற்களின் முதலெழுத்துகள் அவை என்றும், ரயில்வே வழக்கிலிருந்து எடுத்தவை என்றும் ஆரம்பக் குறிப்பு ஒன்றில் எழுதினார்.

செமஃபோர் என்பது ஓர் எண்ணும் ஒரு வரிசையும் சேர்ந்தது. ஒரு பணி உள்ளே நுழைய 'பி' செய்கிறது. எண் பூஜ்யத்திற்கு மேல் இருந்தால் அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு உள்ளே போகும். பூஜ்யமானால் வரிசையில் உறங்கும். வேலை முடிந்த பணி 'வி' செய்கிறது. யாரேனும் உறங்கினால் ஒருவர் எழுப்பப்படுவார்; யாரும் இல்லையென்றால் எண் ஒன்று கூடும். பார்ப்பதும் குறைப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயல். டையரின் வில்லை இங்கே எண்ணாக மாறியிருக்கிறது.

இதில் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது கடைசி விதி: யாரும் காத்திராதபோது வரும் 'வி' வீணாவதில்லை. அது எண்ணில் சேர்ந்து கிடக்கிறது. பிறகு வருபவர் அதனைப் பெறுவார். செமஃபோருக்கு நினைவு உண்டு.

மணியோசையும் கடிதமும்

நினைவு ஏன் வேண்டும்? தபால்காரர் மணியடித்துவிட்டுக் கடிதத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிணற்றடியில் இருந்தவருக்கு மணி கேட்காது. கடிதத்தைப் பெட்டியில் போட்டுச் சென்றால், எப்போது வந்து பார்த்தாலும் அது அங்கே இருக்கும்.

கணிப்பொறியில் ஒரு பணி, 'எனக்கு வேலை உண்டா?' என்று பார்க்கிறது. இல்லை. எனவே உறங்கத் தீர்மானிக்கிறது. பார்த்து முடித்ததற்கும் கண்மூடுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் இன்னொரு பணி வேலையைக் கொண்டுவந்து வைத்து மணியடிக்கிறது. உறங்குபவர் எவரும் இல்லாததால் மணி காற்றோடு போயிற்று. முதற்பணி இப்போது உறங்குகிறது. வேலை எதிரிலேயே கிடக்கிறது. எழுப்ப இனி யாரும் வரமாட்டார்கள். இதற்குத் 'தொலைந்த விழிப்பு' என்று பெயர். கணிப்பொறி நின்றுபோனதாகத் தெரியாது, பிழைச்செய்தி வராது. ஒரு வாடிக்கையாளர் மட்டும் முடிவின்றிக் காத்திருப்பார்.

யூனிக்ஸ் இயக்க அமைப்பின் 'சிக்னல்' என்னும் வசதி பெரும்பாலும் மணியோசை வகையைச் சார்ந்தது. ஒரே சிக்னலை மூன்று முறை அனுப்பினாலும், பெறுபவர் கவனிக்குமுன் அவை ஒன்றாகிவிடலாம். ஆகவே, 'சிக்னல் எத்தனை முறை வந்தது' என்று எண்ணி வேலை செய்யும் நிரல் என்றாவது ஒருநாள் ஏமாறும்.

1980இல் பட்லர் லாம்ப்சன், டேவிட் ரெடல் இருவரும் மீசா என்னும் நிரல்மொழியில் பெற்ற அனுபவத்தை எழுதினார்கள். எழுப்பப்பட்டவர், தாம் எதிர்பார்த்த நிலைமை வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எழுந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதாவது சைகை வேறு, செய்தி வேறு. செய்தியை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, 'போய்ப் பார்' என்று சொல்வதற்கு மட்டுமே சைகையைப் பயன்படுத்த வேண்டும்.

தரவுத்தளத்தின் மூவகைப் பூட்டுகள்

பெரும் பதிவேடுகளைக் காக்கும் மென்பொருளைத் தரவுத்தளம் என்கிறோம். 1970களில் அமெரிக்காவில் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற தரவுத்தளம் உருவானது. அங்கே ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் ஆகிய நால்வரும் 1976இல் ஒரு விதியை நிறுவினர்: ஒரு பரிமாற்றம் தனக்கு வேண்டிய பூட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம்; ஒன்றை விடுவித்த பிறகு புதிதாக ஒன்றையும் எடுக்கக் கூடாது. இவ்விதியைப் பின்பற்றினால் பல பரிமாற்றங்கள் கலந்து ஓடினாலும், ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற விளைவே கிடைக்கும்.

1986இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 'போஸ்ட்கிரெஸ்' என்ற திட்டம் தொடங்கியது. 1996 முதல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. அதன் நிரலை யாரும் படிக்கலாம் என்பதால், நம் பொருளுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இணையும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதில் ஒரு தனிப் பணி உண்டு. பணிகள் யாவும் ஒரு பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே முதன்மையாக மூவகைப் பூட்டுகள் உள்ளன.

முதல் வகை, சுழற்பூட்டு. சில கட்டளைகள் ஓடும் நேரத்துக்கு மட்டுமே இதனை வைத்திருக்கலாம். காத்திருப்பவர் பெரும்பாலும் உறங்காமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டாம் வகை, லேசான பூட்டு. பொது நினைவகத்தின் பகுதிகளைக் காப்பது. படிப்பவர் பலரை ஒன்றாக உள்ளே விடும், எழுதுபவரைத் தனியாக விடும். இதற்குக் காத்திருக்கும் பணி செமஃபோரில் உறங்கும். மூன்றாம் வகை, அட்டவணைகளையும் பரிமாற்றங்களையும் காக்கும் கனமான பூட்டு. நம் கடைசிப் படுக்கை போன்ற ஒரு வரிசையை இருவர் மாற்ற முயலும்போது இரண்டாமவர் காத்திருப்பது இதில்தான்.

பூட்டுகள் பெருகினால் முட்டுக்கட்டையும் வரும். ராமன் முதல் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கிறான். ரஹீம் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்கிறான். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே நின்றுவிட்ட இரு ரயில்களைப் போல இருவரும் அசைய முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஒரு பணி ஒரு நொடிக்கு மேல் கனமான பூட்டுக்குக் காத்திருந்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற படத்தை வரைந்து பார்க்கிறது. அதில் வட்டம் தென்பட்டால் ஒரு பரிமாற்றத்தை ரத்து செய்து மற்றவருக்கு வழிவிடுகிறது.

தாழ்ப்பாளின் மூன்று படிகள்

பூட்டுகளுக்கு மட்டுமன்றி வேறு காரியங்களுக்கும் பணிகள் ஒன்றையொன்று எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு கணிப்பொறியில் பதிவானதை உடனே மற்றொரு கணிப்பொறிக்கு நகலெடுத்து அனுப்புவது அத்தகைய காரியம். தொடக்கத்தில், அனுப்பும் பணி சிறிது நேரம் உறங்குவதும் எழுந்து பார்ப்பதுமாக இருந்தது. நேரத்தைக் குறைத்தால் வீண் விழிப்பு, கூட்டினால் தாமதம். 2011இல் வெளியான 9.1 பதிப்பில் 'லாட்ச்', அதாவது தாழ்ப்பாள், என்னும் பொதுக் கருவி இடம்பெற்றது.

அதன் தத்துவம் எளியது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு கொடி உண்டு. எழுப்ப விரும்புபவர் முதலில் வேலையைப் பொது நினைவகத்தில் வைத்துவிட்டுப் பிறகு கொடியை ஏற்ற வேண்டும். ஏறிய கொடி உரியவர் இறக்கும் வரை ஏறியே இருக்கும். கொடி ஏறியிருந்தால் உரியவரால் உறங்க முடியாது. உரியவர் செய்ய வேண்டியவை மூன்று: முதலில் கொடியை இறக்கு, பிறகு வேலை உண்டா என்று பார்த்து எல்லாவற்றையும் முடி, அதன்பின் கொடிக்காகக் காத்திரு.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதை மாணவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். முதலில் வேலையைப் பார்த்துவிட்டுப் பிறகு கொடியை இறக்குவதாகக் கொள்வோம். பார்த்து முடித்த கணத்தில் புதிய வேலை வருகிறது, கொடி ஏறுகிறது. உரியவர் அறியாமல் அக்கொடியையும் இறக்கிவிட்டு உறங்கிவிடுவார். இரண்டே வரிகள் இடம் மாறியதால் தொலைந்த விழிப்பு திரும்ப வந்துவிட்டது. கொடி எண்ணிக்கை வைத்துக்கொள்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் ஏற்றினாலும் அது ஒரே கொடிதான். ஆகவே எழுந்தவர் கண்ணில் பட்ட எல்லா வேலையையும் முடிக்க வேண்டும்.

யூனிக்ஸ் சிக்னலின் மறதியை வெல்லவும் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. ஒரு பணி தனக்குத்தானே ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொள்கிறது. சிக்னல் வந்ததும் அக்குழாயில் ஓர் எழுத்தைப் போடுகிறது. மணியோசை இப்போது பெட்டியில் விழுந்த கடிதமாகிவிட்டது. டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞரின் பெயருடன் வழங்கும் இத்தந்திரத்தைத் தாழ்ப்பாளின் முதல் வடிவம் பயன்படுத்திக்கொண்டது.

'ஒரே கணம்' என்பது எது?

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒளி ஒரு நானோ நொடியில் கடப்பது சுமார் 30 செ.மீ. நொடிக்கு 300 கோடித் துடிப்புள்ள கணிப்பொறியில் ஒரு துடிப்புக்குள் ஒளி செல்வது 10 செ.மீ. மட்டுமே, கம்பியில் செல்லும் மின்சைகை அதனினும் குறைவாகவே செல்லும். எனவே ஒரே இயந்திரத்தின் இரு செயலகங்களுக்குக்கூட 'இப்போது' என்பது ஒன்றாக இருப்பதில்லை. போதாததற்கு, இன்றைய செயலகங்கள் வேகம் கருதி நினைவகத்தில் எழுதும் வரிசையை மாற்றிக்கொள்வதும் உண்டு. வேலையை வைத்துவிட்டுக் கொடியை ஏற்றினேன் என்று ஒரு பணி நினைக்க, மற்றொரு செயலகம் முதலில் கொடியையும் பிறகே வேலையையும் காணலாம். இதனைத் தடுக்க நிரலில் 'நினைவகத் தடுப்பு' என்னும் கட்டளைகள் இடப்படுகின்றன. தடுப்புக்கு முன் எழுதியவை தெரிந்த பின்னரே, பின் எழுதியவை தெரியும் என்பது அதன் உறுதி.

ஆகவே 'யார் முதலில் வந்தார்' என்பதற்குப் பிரபஞ்சத்தில் தயாராக ஒரு விடை இல்லை. கடிகாரத்தைப் பார்த்து அதனைத் தீர்க்க முடியாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவரே முதல்வர் என்று நாம்தான் வகுத்துக்கொள்கிறோம்.

1874இன் தந்தி, 1878இன் வில்லை, 1960களின் செமஃபோர், 2011இன் தாழ்ப்பாள் ஆகியவற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு பாடங்கள் தெரிகின்றன. பார்ப்பதையும் கைப்பற்றுவதையும் பிரிக்கக் கூடாது. கேட்க ஆள் இல்லாதபோது வந்த சைகையும் தொலைந்துபோகக் கூடாது. தோர்ப்பில் இவற்றுள் முதலாவதை மறந்ததன் விலை மனித உயிர்கள். இன்று நம் வங்கிக் கணக்கும், மருத்துவமனைப் பதிவும், கடைசிப் படுக்கையும் தரவுத்தளங்களுக்குள் இருக்கின்றன. அவற்றைக் காப்பது நிரலில் சரியான வரிசையில் எழுதப்பட்ட சில வரிகளே.